வார்மருக்குப் பக்கத்தில் ஒரு கட்டில்

டாக்டர் சுகந்தா ஆர்யா அவர்களுக்கும், டாக்டர் ஹரீஷ் செல்லானி அவர்களுக்கும், டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அவர்களோடு நின்ற செவிலியர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், அங்கே பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்த அம்மாக்களுக்கும் வணக்கம்.

மம்சாபுரத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாகத் தள்ளி இருக்கும் பேரூராட்சி. தென்னை, மா, நெல். பிரசவம் சிக்கலானால் முதலில் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரி. அங்கே கைமீறினால் மதுரை. 2022இல் திறந்த பிறகு விருதுநகர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்துகொண்டது. மதுரைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். 108 வண்டிக்குள் உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்பது வேறு கணக்கு.

நீங்கள் செய்தது ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய காரியம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள், குழந்தை கிடக்கும் வார்மருக்குப் பக்கத்தில், அம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டீர்கள். அந்தக் கட்டில் பல ஊர் தாண்டி எங்கள் வீட்டுப் பிள்ளை வரைக்கும் வந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

என் தம்பி மனைவிக்கு ஏழாம் மாதக் கடைசியில் பிரஷர் ஏறியது. கால் வீங்கியிருந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் வீங்குவதுதானே என்று இருந்தோம். கண்ணில் பூச்சி பறக்கிறது என்று அவள் சொன்ன அன்று ஊர் நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு, கர்ப்பப் பதிவின் பிக்மி நம்பர் எழுதிய அட்டையை எடுக்கச் சொல்லி, 108ஐக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் விடிவதற்குள் ஆபரேஷன். பெண் குழந்தை. 1,340 கிராம்.

முதலில் இருந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. நர்ஸுகள் ஓடி ஓடி வேலை பார்த்தார்கள், டாக்டர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். கட்டடம்தான் எங்களை விரட்டியது. பிள்ளை ஒரு மாடியில், பெற்றவள் ஒரு மாடியில். குழந்தைப் பிரிவின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் இரும்பு பீரோ ஒன்றின் முதுகு தெரியும். என் தம்பி அந்தப் பீரோவைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். வராந்தாவில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்த எஸ்.எஸ். நாற்காலிகள். இரண்டு நாற்காலிக்கு நடுவே கைப்பிடி வைத்திருந்தார்கள். யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்தது போலிருந்தது. மாடிப்படிக்கு அடியில் எங்கள் ஆச்சி ஒரு போர்வையை விரித்து இடம் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்காரியின் மாமியார்கள், அம்மாக்கள், சித்திமார் என்று அங்கே ஒரு குட்டி ஊரே இருந்தது.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போய், குறித்த நேரத்தில் பிள்ளையைச் சில நிமிடம் பார்த்துவிட்டு வருவாள். தொடலாமா என்று கேட்கப் பயம். பால் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கே உட்கார்ந்து எடுப்பது? கைகழுவும் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நானும் ஆச்சியும் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்போம். சொட்டுச் சொட்டாக எவர்சில்வர் டம்ளரின் அடியை நனைக்கும் அளவுக்கு வரும். பிள்ளையின் முகம் பார்த்து, வாசம் பிடித்து, அழுகை கேட்டால் பால் நன்றாக இறங்கும். அதற்கு ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு காரணம், வலியும் பயமும் அதை அடக்கிவிடும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆச்சிக்கு அது படிக்காமலே தெரியும். "பிள்ளையக் கண்ணுல காட்டாம பாலக் கொண்டான்னா எங்கருந்து வரும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். என் தம்பிக்குச் சத்திரப்பட்டியில் வேலை, பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில். ராஜபாளையம் பக்கம் ஆஸ்பத்திரித் துணிக்குப் பெயர் போன ஊர் அது. நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்ததாக இருக்கும். ஒருநாள் தள்ளுவண்டியில் மருந்து, பஞ்சு, காஸ் சுருள்கள் எல்லாம் உள்ளே போயின. கதவு தானாகத் திறந்து மூடியது. "நாங்க நெய்யிற துணி உள்ள போகுதுக்கா, நாந்தான் போக முடியல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில நாள் கழித்து மேல்சிகிச்சைக்காக வேறொரு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கேயும் கண்ணாடிக் கதவு, அங்கேயும் செருப்பைக் கழற்றிவிடும் இடம். பெட்டியோடு பிள்ளையை உள்ளே கொண்டு போனபோது வழக்கம்போல நாங்கள் வெளியே ஒதுங்கினோம். பட்ட மேற்படிப்புப் படிக்கிற ஒரு சின்னப் பெண் டாக்டர் வெளியே வந்து, "அம்மா எங்கே? அவங்களும் அட்மிஷன்தான், உள்ளே வரச் சொல்லுங்க" என்றார். உள்ளே வார்மர் வரிசைக்கு எதிரே கட்டில் வரிசை. ஒவ்வொரு வார்மருக்கும் ஒரு கட்டில். தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்துகொள்கிற கட்டில். பிள்ளையை எடுத்து, தொப்பி மாட்டி, டயப்பரோடு அவள் வெற்று நெஞ்சில் கவிழ்த்து வைத்து, ஒரு துணியால் சேர்த்துக் கட்டினார்கள். அந்தப் பிள்ளை பிறந்து அத்தனை நாளில் அம்மா மேல் பட்டது அதுதான் முதல் தடவை.

"எப்போ திரும்பப் பெட்டியில வைக்கணும்?" என்று கேட்டேன். "எதுக்கு வைக்கணும்?" என்றார் அந்த டாக்டர். பிறகுதான் உங்கள் கதையைச் சொன்னார். டெல்லியில் சஃப்தர்ஜங்கில் இப்படிச் செய்து பார்த்து நிரூபித்திருக்கிறார்கள் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். ஒன்றைச் சொன்னால் தேடிப் படிக்காமல் விடமாட்டேன். படித்தேன்.

பிள்ளைகளை அம்மாக்களிடமிருந்து பிரித்து வைத்தது ஒரு நாளில் நடந்த காரியம் இல்லை போலிருக்கிறது. 1880இல் பாரீஸில் டார்னியே என்ற மருத்துவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துக் குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூடுபெட்டி செய்ய வைத்தார். அவர் வழி வந்த பூதான், அம்மாவைத் தள்ளி வைத்தால் பிள்ளை மேல் அவளுக்கு ஒட்டுதல் குறைந்து போகிறது என்று அப்போதே கண்டு, வந்து பால் கொடுக்கச் சொன்னார். ஆனால் பெட்டிதான் உலகம் சுற்றியது, அந்தப் புத்தி சுற்றவில்லை. அமெரிக்காவில் கோனி தீவின் கேளிக்கைப் பூங்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை குறைமாதப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வேடிக்கை பார்க்கிறவர்களிடம் 25 சென்ட் டிக்கெட் வாங்கினார். அந்தக் காசில்தான் வைத்தியம் பார்த்தார், பெற்றவர்களிடம் ஒரு காசு வாங்கவில்லை, எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார். ஆனாலும் பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெற்றவர்கள் இந்தப் பக்கம் என்பது அப்படியே பழகிப்போனது. கிருமி பயம் அதற்கு ஒரு பூட்டும் போட்டது. 1970இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், அம்மாக்களைத் தீவிர சிகிச்சை அறைக்குள் விட்டுப் பார்த்தோம், தொற்று கூடவில்லை என்று எழுதினார்கள். எழுதி என்ன, எங்கள் பக்கத்துக் கதவில் 50 வருஷம் கழித்தும் உள்ளங்கை அகலக் கண்ணாடிதானே.

கதவைத் திறந்தது பணக்கார ஊர்கள் இல்லை, பற்றாக்குறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட வேண்டிய நிலை. தொற்று, சாவு, பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அம்மாக்கள். எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், பெட்டி இல்லாவிட்டால் அம்மா இருக்கிறாளே என்று பிள்ளையை அவள் நெஞ்சில் கட்டினார். அதைத்தான் இன்று எங்கள் ஊர் நர்ஸம்மா வரைக்கும் கங்காரு என்கிறார்கள். அடுத்த வருஷம், அப்போது சோவியத் நாட்டில் இருந்த தாலினில், நர்ஸுகள் போதவில்லை என்பதால் அடிக் லெவின் என்ற மருத்துவர் அம்மாக்களையே இரவும் பகலும் உள்ளே தங்கவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார். அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு.

உங்களிடம் வருகிறேன். சஃப்தர்ஜங் 1942இல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், படைவீரர்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி என்று படித்தேன். பிரசவத்துக்கு வருகிறவர்கள் அநேகம் பேர் எங்களைப் போலக் கையில் காசில்லாதவர்கள். கானா, நைஜீரியா, மலாவி, தான்சானியா ஆகிய நாடுகளின் ஆஸ்பத்திரிகள் நான்கோடு ஐந்தாவதாக உங்கள் ஆஸ்பத்திரி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் சேர்ந்தது. 2017 நவம்பரிலிருந்து 2020 ஜனவரி வரை, ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள். அதுவரை இருந்த முறை, பிள்ளை தேறட்டும், பிறகு கங்காரு என்பது. நீங்கள், தேறுவதற்கே கங்காரு என்று பிறந்த உடனே தொடங்கினீர்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் நாளைக்குச் சுமார் 16.9 மணி நேரம் அம்மா நெஞ்சில் கிடந்தார்கள். இன்னொரு பக்கம் பழைய முறையில் 1.5 மணி நேரம். முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள் பழைய முறையில் 100க்கு 15.7; உங்கள் முறையில் 12. தொற்றும் குறைந்தது. இனியும் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2021 மே மாதம் முடிவு வெளிவந்தது, 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றி எழுதியது.

இந்த எண்களை எல்லாரும் மருந்துக் கதையாகப் படிக்கிறார்கள். எனக்கு அது கட்டில் கதையாகத்தான் தெரிகிறது. 1.5 மணி நேரத்துக்கும் 16.9 மணி நேரத்துக்கும் நடுவே இருப்பது பாசத்தின் அளவு இல்லை. எந்த அம்மாவுக்குப் பாசம் குறைச்சல்? ஆபரேஷன் முடிந்தவள் ஒரு ஸ்டூலில் எத்தனை நேரம் உட்காருவாள்? படுக்க இடம் இருந்தால் 16 மணி நேரம் இருப்பாள், இல்லாவிட்டால் அரை மணியில் முதுகு விட்டுப்போகும்.

அதிலும் உங்களுக்குக் கட்டில் போடுவது சுலபமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இரும்புக் கட்டிலுக்கு என்ன விலை வந்துவிடப் போகிறது. சிக்கல் பதிவு நோட்டில்தான். ஆஸ்பத்திரிக் கணக்கில் பெற்றவள் மகப்பேறுத் துறையின் நோயாளி, பிள்ளை குழந்தைகள் துறையின் நோயாளி. இரண்டு துறை, இரண்டு நோட்டு, இரண்டு மாடி. அவள் தையலை யார் பார்ப்பது, பிரஷர் மாத்திரை யார் கொடுப்பது, சாப்பாட்டு டோக்கன் எந்த வார்டில் ஏறுவது? மகப்பேறு டாக்டர்களும் நர்ஸுகளும் குழந்தைப் பிரிவுக்குள்ளேயே வந்து அம்மாவைப் பார்க்கிறபடி நீங்கள் ஏற்பாடு செய்தீர்கள். சுவரை இடிப்பதைவிட அது பெரிய வேலை. அரசு அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளை ஒரே மேஜைக்குக் கொண்டுவர முயன்றவர்கள் யாரானாலும் இதை ஒத்துக்கொள்வார்கள்.

நாங்கள் இருந்த வார்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆசை. கட்டில் உயரம் குறைவு. தையலோடு ஏறி இறங்க வலிக்கவில்லை. கழிப்பறை உள்ளேயே, கைப்பிடி பதித்தது. முதல் ஆஸ்பத்திரியில் அவள் கழிப்பறைக்குப் போய்வருவதையே ஒரு பயணமாகச் செய்தாள். இங்கே பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் வந்துவிடுவாள். ஆம், என் கையிலும் கொடுத்தார்கள். அவளுக்குப் பிரஷர் இறங்காத நாட்களில், வீட்டார் வேறு யாராவது நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். குளித்து, கவுன் மாட்டி, அத்தைக்காரி நான் படுத்துக்கொண்டேன். கைக்குக் கனமே தெரியாத பிள்ளை என் நெஞ்சில் மூச்சு விட்டது. மூச்சு நின்று நின்று வரும். நிற்கும்போது லேசாக முதுகைத் தடவினால் மறுபடி இழுக்கும். மானிட்டர் கத்துவதற்கு முன்பே என் கைக்கு அது தெரிந்துவிட்டது.

மானிட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் வாரம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்தச் சத்தம்தான். எந்தப் பெட்டியில் மணி அடித்தாலும் எல்லா அம்மாக்களும் தங்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். பச்சிளங்குழந்தைகள் இருக்கும் இடத்தில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1997லேயே சொல்லியிருக்கிறது. இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுவதே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும். எந்த வார்டில் அது நடக்கிறது? ஆனால் அங்கே ஒரு சிஸ்டர் ஒவ்வொரு அம்மாவையும் உட்காரவைத்து, இந்தச் சத்தம் காலில் மாட்டிய கம்பி கழன்றதற்கு, இந்தச் சத்தத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு பாதி பயம் போனது. காதுக்குப் பழகியது ஒரு பக்கம், உள்ளே இருந்ததால்தான் கற்றுக்கொள்ள முடிந்தது என்பது இன்னொரு பக்கம். வராந்தாவில் இருப்பவளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

இப்போது ஊரில் சிலர் கேட்கிறார்கள்: வெளிநாட்டில் மாதிரி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ரூம் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? தனியார் ஆஸ்பத்திரி விளம்பரங்களும் அதைத்தான் காட்டுகின்றன. சோபா, டி.வி., பூ வைத்த மேஜை. ஸ்டாக்ஹோமில் பெற்றோர் நாள் முழுக்கத் தங்குகிற அறைகளை அமைத்துப் பார்த்தபோது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் சராசரியாக 5.3 நாள் குறைந்தது என்று 2010இல் எழுதினார்கள். நல்ல விஷயம். ஆனால் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் 2014இல் வந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. தனி அறையில் வளர்ந்த குறைமாதப் பிள்ளைகள் இரண்டு வயதில் பேச்சில் பின்தங்கி இருந்தார்கள். அங்கே பெற்றவர்களால் அதிக நேரம் வந்து இருக்க முடியவில்லை. அறை அமைதியாகவே கிடந்திருக்கிறது. அதே வருஷம் பிராவிடன்ஸ் நகரத்து ஆய்வில் தனி அறை பலன் கொடுத்தது. அம்மா அதிகம் கூட இருந்ததும் அந்தப் பலனுக்குக் காரணம் என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த எனக்கு ஒன்று புரிந்தது. சுவர் எழுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குச் சாப்பாடும், கூலி போகிற வீட்டுக்காரனுக்குப் பஸ் காசும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் தனி அறை என்பது பிள்ளையைத் தனியாகப் போட்டுவைக்கிற அறை.

எங்கள் வார்டில் சுவர் இல்லாததால் கிடைத்தது நிறைய. பால் கட்டிக்கொண்டவளுக்குப் பக்கத்துக் கட்டில்காரி வழி சொன்னாள். 900 கிராமில் பிறந்து வீட்டுக்குக் கிளம்புகிற பிள்ளையைப் பார்த்து, 1,340 கிராம்காரியான எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தைரியம் வந்தது. பாலாடையில் எப்படிச் சாய்த்துப் புகட்டுவது என்பதை அவள் சிஸ்டரிடம் கற்றது கொஞ்சம், திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் கற்றது அதிகம்.

சுவர் இல்லாததன் மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து நன்றி சொன்னால் அது முகஸ்துதி. ஒரு நாள் ராத்திரி எங்கள் வரிசையில் ஒரு பிள்ளை இறந்துபோனது. டாக்டர்கள் குனிந்து வேலை பார்த்ததை, நிமிர்ந்ததை, அந்தப் பெண் கேட்டதை, எல்லாவற்றையும் மற்ற அம்மாக்கள் தத்தம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு பார்த்தார்கள். அழுவதற்கு அவளுக்கு ஓர் இடம் இல்லை. எல்லார் நடுவிலும் அழ வேண்டியிருந்தது, அதுவும் மற்ற பிள்ளைகள் விழித்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு. பத்துக்குப் பத்தில் ஒரு அறை, கதவோடு, ஒரு பெஞ்சோடு இருந்தால் போதும். அவளும் அவள் வீட்டுக்காரனும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். இனி இப்படிப்பட்ட பிரிவுகளுக்கு வரைபடம் போடுகிற பொதுப்பணித் துறை இன்ஜினியர்கள் யாராவது இதைப் படித்தால், ஸ்டோர் ரூமுக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதியை இதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாக்கள் விஷயமும் பாக்கி இருக்கிறது. அம்மாக்கள் நெஞ்சு திறந்து படுத்திருக்கிற வார்டில் ஆண்கள் எப்படி வருவது என்பது சரியான கேள்வி. டெல்லியிலேயே ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் டாக்டர் ஆர்த்தி மரியாவும் மற்றவர்களும் அப்பா உட்பட வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள், 2017இல் மத்திய அரசு அதை வழிகாட்டு நெறியாகவே வெளியிட்டது. எங்கள் வார்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கட்டில்களைச் சுற்றித் திரை இழுத்துவிட்டு அப்பாக்களை விட்டார்கள். என் தம்பி முதல் நாள் பிள்ளையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தறியில் அறுந்த நூலைக் கண்ணிமைக்கிற நேரத்தில் எடுத்து முடிகிற கை அது. மறுநாள் சிஸ்டர் அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துவிட்டார். எழுந்திரிக்கச் சொல்லித் திட்டும் வரை எழவில்லை. திரை இழுப்பதற்கு ஒரு கம்பியும் துணியும்தான் செலவு. அதை நாள் முழுக்க வைத்தால் அந்த ஒரு மணி நேரம் கூடுமே என்று கேட்டேன். ஆள் பற்றாக்குறை என்றார்கள். அதையும் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. ராத்திரியில் இத்தனை வார்மருக்கு இரண்டு சிஸ்டர் என்பதை நேரில் பார்த்தவள் நான்.

ஆச்சியைச் சமாளித்த கதையைச் சொல்லாவிட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் ஒரு மூலை ஒதுக்கிவிடுவார்கள். காற்று படக்கூடாது, கண்டவர்கள் வரக்கூடாது, பிள்ளையும் தாயும் ஒரே பாயில். இந்த மாதிரிக் குறைமாதப் பிள்ளைகள் அந்த மூலையில் பிழைத்ததில்லை என்பதும் ஆச்சிக்குத் தெரியும். அவளே இரண்டைப் பறிகொடுத்தவள். வார்டுக்குள் ஒரு நாள் அவளை விட்டபோது கட்டில், வார்மர், மானிட்டர், நெஞ்சில் கட்டிய பிள்ளை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, மூலையிலதான் வச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். உங்கள் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் வீட்டில் கிடைக்காது.

பிள்ளை 1,900 கிராம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது தவழ்கிறாள். கண் டாக்டர் பார்த்துவிட்டார், காது பார்த்துவிட்டார்கள், இரண்டும் நல்லபடியாக இருக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் முறை வைத்து நெஞ்சில் கட்டிக்கொண்டோம். என் தம்பி இரவு ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டான்.

கடைசியாக, என் தம்பி மனைவி உங்களுக்கு ஒரு விஷயம் எழுதச் சொன்னாள். நன்றி எல்லாம் நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்னது வேறு. ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற வேலைக்குப் போனவள், எதையும் அளவெடுத்துத்தான் பேசுவாள்.

"மதினி, அடுத்து இந்த மாதிரி ரூம் கட்டும்போது கட்டிலுக்குப் பக்கத்துச் சுவத்துல ரெண்டு கொக்கி அடிக்கச் சொல்லுங்க. பை மாட்ட எடமில்ல. கீழ வச்சா கூட்டுற அக்கா திட்டுது, அதுவும் பாவம் தரையத் துடைக்கணும்ல. ஒண்ணு பைக்கு, ஒண்ணு துண்டுக்கு. ஆனா ஒசரத்துல அடிச்சிறப் போறாங்க. பிள்ளைய நெஞ்சுல கட்டிட்டா எந்திரிக்க முடியாது, படுத்தவாக்குல கை எட்டணும். மெத்தையில இருந்து ரெண்டு சாண், அவ்வளவுதான்."


பிள்ளையின் அத்தை,
மம்சாபுரம்.